ஜீன் தேடுறப்ப இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

கோலாலம்பூர்ல ஒரு லேப்ல ஜீனோம் டேட்டா பாக்குறது என் வேலை. பைனல் இயர் புரோஜெக்ட்டுக்கு வர்ற தம்பி தங்கச்சிங்க நெறைய பேரு ஒரே எடத்துலதான் சறுக்குறாங்க, அதான் எழுதுறேன்.

மொதல்ல உங்க ஃபைல் ஜிஆர்சிஹெச்37ஆ 38ஆன்னு பாருங்க, ரெண்டும் மனுஷ ஜீனோமோட மாதிரி வரைபடத்துல பழைய, புது பதிப்புங்க, ஒவ்வொண்ணுலயும் எட நம்பர் வேற. 38 வந்தது 2013லயே, ஆனா 37 ஃபைலுங்க இன்னமும் சுத்திக்கிட்டுதான் இருக்கு. நம்ம ஊர்ல அடிக்கடி பாக்குற ஹீமோகுளோபின் ஈ மாற்றத்தையே எடுத்துக்கங்க, 11ஆம் குரோமோசோம்ல 37ன்படி அதோட எடம் 5248173, 38ன்படி 5226943. பழைய நம்பர அப்படியே 38ல போட்டா எர்ரர் எதுவும் வராது, அந்த மாற்றம் இருக்குற ஹெச்பிபி ஜீன விட்டுட்டு ஹெச்பிஜி1 ஜீன் பக்கத்துல போய் நிக்கும், அதுவும் ஹீமோகுளோபினுக்கான குளோபின் ஜீன்தாங்கிறதால யாருக்கும் சந்தேகம் வராது, அதுதான் ரொம்ப பயம். எட நம்பர ஒரு பதிப்புலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்துற லிஃப்ட்ஓவர் டூல்ல மாத்துங்க, மாத்திட்டு அந்த எடத்துல இருக்குற டிஎன்ஏ எழுத்து ஒத்துப்போகுதான்னும் பாத்துடுங்க.

அடுத்தது நமக்கு ரொம்ப முக்கியம். ஒரு மாற்றம் எத்தன பேருக்கு இருக்குன்னு சொல்ற நோமேட் டேட்டாபேஸ்ல மொத்த சதவீதத்த மட்டும் பாத்துட்டு "ரொம்ப அபூர்வம், இதுதான் நோய்க்குக் காரணம்"னு முடிவு கட்டாதீங்க. இதயத் தசைக்கான எம்ஒய்பிபிசி3 ஜீன்ல 25 எழுத்து விட்டுப்போற ஒரு மாற்றம் இருக்கு, தெற்காசியாக்காரங்கள்ல சுமார் 4 சதவீதம் பேருக்கு இருக்குன்னு 2009ல வெளியாச்சு, ஐரோப்பாக்காரங்க கணக்க மட்டும் பாத்தா அது இருக்கறதே தெரியாது. பேஷன்ட் தமிழர்னா தெற்காசியா வரிசையப் பாருங்க.

ஜீவாஸ்ல, அதாவது நெறைய பேரோட ஜீனோம ஒப்பிட்டு நோயோட சேர்ந்து வர்ற மாற்றத்தத் தேடுற ஆய்வுல, சிக்னல் விழுந்த ஜீனே குற்றவாளின்னு நெனைக்கறதும் தப்பு. உடல் பருமன் சிக்னல் எஃப்டிஓன்ற ஜீனுக்குள்ள விழுந்துச்சு, ஆனா அது சுமார் 5 லட்சம் எழுத்து தள்ளி இருக்குற ஐஆர்எக்ஸ்3ன்ற ஜீனத்தான் ஆட்டி வைக்குதுன்னு 2014ல காட்டினாங்க.

எக்செல்ல ஜீன் பேரு தேதியா மாறிடும், கவனம். அதுக்காகவே 2020ல செப்ட்1ன்ற பேர செப்டின்1ன்னு மாத்தினாங்க.

கடைசியா ஆல்ஃபா தலசீமியா, பரம்பரையா வர்ற ரத்த நோய். அதுக்கான ஹெச்பிஏ1, ஹெச்பிஏ2 ஜீன் ரெண்டும் ஏறக்குறைய அச்சுல வார்த்த மாதிரி இருக்கும், ஷார்ட் ரீட், அதாவது மெஷின் படிச்ச சின்ன டிஎன்ஏ துண்டு, எதுல ஒட்டறதுன்னு டூலுக்கே தெரியாது, எடம் சரியான்னு சொல்ற மேப்பிங் குவாலிட்டி பூஜ்யமாயிடும், ஃபில்டர் அதத் தூக்கி வீசிடும். லிஸ்ட்ல எதுவும் இல்லன்னு "மாற்றம் இல்ல"ன்னு எழுதிடாதீங்க, அத நம்பி ஒரு ஜோடி பிள்ள பெத்துக்கலாம்னு முடிவெடுப்பாங்க. ரீட கண்ணால பாக்குற ஐஜிவி டூல்ல தொறந்து பாருங்க, ஜீன் துண்டு விட்டுப்போயிருக்கான்னு பாக்குற கேப் பிசிஆர் டெஸ்ட் பண்ணச் சொல்லிக் கேளுங்க.