வாக்கரும் நடைவண்டியும்: நடை பழகும் வீட்டில் நடக்கும் தவறுகள்

வேலூர் லாங் பஜாரில் குழந்தை நடை பழக என்று கேட்டால் இரண்டு விதமான சாமான் வரும். ஒன்று, நடுவே துணி இருக்கை வைத்த வட்டமான வாக்கர். மற்றது, பின்னால் நின்று தள்ளும் நடைவண்டி. முன்னதை வாங்கவே வேண்டாம். பின்னதைச் சரியாகப் பார்த்து வாங்கலாம்.

வாக்கரில் குழந்தை நடப்பதில்லை, தொங்குகிறது. எடையை இருக்கை தாங்கிக்கொள்வதால் இடுப்புக்கும் முதுகுக்கும் வேலையே இல்லை. நுனிக்காலால் தரையை உந்தினால் போதும், நகர்ந்துவிடும். சுற்றியுள்ள தட்டு மறைப்பதால் தன் கால் எங்கே படுகிறது என்பதும் அதற்குத் தெரியாது. தள்ளாடி, விழுந்து, சமாளித்து எழுவதில்தான் நடை வரும். வாக்கர் அந்தப் பாடத்தையே பறித்துவிடுகிறது. 'சீக்கிரம் நடக்கட்டும்' என்று ஆறாம் மாதமே உட்கார வைப்பவர்களுக்கு இது புரிவதில்லை.

அதைவிடப் பெரிய தவறு, வாக்கரில் விட்டால் குழந்தை பத்திரமாக இருக்கும் என்று நினைப்பது. "அதுல உக்காந்திருக்கட்டும், சோத்த வடிச்சிட்டு வந்துடறேன்" என்கிற அந்த ஐந்து நிமிடம்தான் ஆபத்து. வினாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் அது ஓடும். நீங்கள் திரும்புவதற்குள் வாசற்படியில் உருண்டிருக்கும், இல்லை மேசை விரிப்பை இழுத்துச் சூடான குழம்பைக் கவிழ்த்திருக்கும். தண்ணீர் தினமும் வராத தெருக்களில் அண்டா, வாளி, தரைத்தொட்டி என்று பிடித்து வைத்திருப்போம். ஐந்து செ.மீ. தண்ணீரே கைக்குழந்தையின் உயிருக்குப் போதும். கனடா 2004-இலேயே வாக்கர் விற்பனையைத் தடை செய்துவிட்டது. வீட்டில் ஏற்கெனவே இருந்தால் சொந்தக்காரர் குழந்தைக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள். உடைத்துப் பழைய பிளாஸ்டிக்காரரிடம் போடுங்கள்.

நடைவண்டியில் தவறுவது பெரும்பாலும் நேரம். குழந்தை தானே எழுந்து நின்று, கட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர வேண்டும். அதன் பிறகே வண்டி. அதற்கு முன்னால் கொடுத்தால், எழுந்திருக்கவே அதைப் பிடித்து இழுக்கும். வண்டி பின்னால் சாய்ந்து முகத்தில் விழும். மூன்று சக்கர மரவண்டி இலேசானது என்பதால் இது அடிக்கடி நடக்கும். வாங்கும்போதே கைப்பிடியைக் கீழே அழுத்தி, உங்கள் பக்கம் இழுத்துப் பாருங்கள். முன்சக்கரம் தூக்கினால் அதற்கு மேலுள்ள குறுக்குக் கட்டையில் ஒன்று அல்லது இரண்டு கிலோ மணலைத் துணிப்பையில் தைத்துக் கட்டுங்கள். கவிழவும் செய்யாது, வேகமும் குறையும்.

கைப்பிடி, நிற்கும் குழந்தையின் தொப்புளுக்கும் மார்புக்கும் நடுவே வர வேண்டும். வழவழ டைல்ஸில் வண்டி முன்னே ஓடிவிடும், குழந்தை குப்புற விழும். சிமென்ட் தரை நல்லது. டைல்ஸ்தான் என்றால் கனமான ஜமுக்காளம் விரித்து, ஓரம் மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ள விடுவதும் வேண்டாம், அது திடீரென வழுக்கும். திருவிழாக் கடையில் வாங்கினால் சிம்பு, ஆணி முனை, உதிரும் பெயின்ட் மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். பல் முளைக்கும் வயதில் கைப்பிடிதான் முதலில் வாய்க்குப் போகும். கம்பெனிப் பொம்மை வண்டி என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ ஊர் முழுக்கக் கிடைத்தாலும் வீட்டுக்குள் வெறுங்கால்தான் சரி. விரல்கள் தரையைப் பற்றினால்தான் சமநிலை வரும். கீச்சுச் சத்தம் போடும் ஷூ பெரியவர்களின் சந்தோஷத்துக்கு. வெளியே போகும்போது மட்டும், கையால் வளைக்க முடிகிற மெல்லிய அடிப்பாகம் உள்ள செருப்பு போதும். சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டை மாடியும் முற்றமும் பாதத்தைப் பொசுக்கிவிடும். காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய நாளில் உள்ளங்காலைத் துணியால் நன்றாகத் துடைத்த பிறகே நிற்க விடுங்கள். கொலுசு தளர்ந்திருந்தால் சக்கரத்தில் மாட்டும், கழன்ற மணி வாய்க்குள் போகும்.

இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நடத்துவது எல்லாப் பாட்டிகளும் செய்வது. அப்படிப் பிடித்தால் குழந்தை முன்னால் சாய்ந்தே பழகும். இடுப்பையோ விலாவையோ இலேசாகத் தாங்குங்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு அவசரப்பட வேண்டாம். எட்டு மாதத்திலிருந்து பதினேழு மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் தனியே நடக்கலாம். 18 மாதமாகியும் நடக்கவில்லை, எப்போதும் நுனிக்காலிலேயே நிற்கிறது, ஒரு காலை இழுக்கிறது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல் மருத்துவர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து மாதத்தை எண்ண வேண்டும்.