கடன் வந்தது, தொழில் வந்ததா? சிறுதொழில் வளர்ச்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் அரசுத் திட்டமாகத் தொடங்கின. 1992-ல் ஊரக வளர்ச்சிக்கான நபார்டு வங்கி இத்தகைய குழுக்களை வங்கிக் கடனோடு இணைக்கும் பணியை முன்னோடித் திட்டமாகத் தொடங்கியது. வறுமையைக் குறைக்கச் சிறுதொழில் வேண்டும் என்பதும், சிறுதொழிலுக்குக் கடன் வேண்டும் என்பதும் சரிதான். ஆனால் கடன் கொடுத்துவிட்டாலே தொழில் வந்துவிடும் என்று எண்ணுவதுதான் முதல் தவறு. ஐதராபாத்தின் ஏழைக் குடியிருப்புகளில் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் மற்றவர்களும் நடத்திய ஆய்வில், குறுங்கடன் கிடைத்த பகுதிகளில் குடும்பச் செலவு சராசரியாகக் குறிப்பிடும்படி உயரவில்லை. பலன் பெரும்பாலும் ஏற்கெனவே நன்றாகத் தொழில் நடத்தியவர்களிடமே சேர்ந்தது. ஏற்றத்தாழ்வைக் குறைக்க வந்த பணம் மேல்படியில் நிற்பவரையே இன்னும் ஏற்றிவிடலாம் என்பதை இது காட்டுகிறது.

இரண்டாவது தவறு, சொந்த உழைப்பைக் கணக்கில் எழுதாமல் விடுவது. இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் விற்பனை 1,200 ரூபாய். அரிசி, உளுந்து, பை, மின்சாரம் போக 350 ரூபாய் மிஞ்சுகிறது. அதில் கடன் தவணைக்கு நாளொன்றுக்கு 100, கிரைண்டர் தேய்மானத்துக்கு 30 எடுத்துவைத்தால் கையில் நிற்பது 220. ஊறவைத்து, கழுவி, அரைத்து, பொட்டலம் கட்டி, கடை கடையாகப் போடுவதற்கு ஆறு மணி நேரம் ஆகிறது என்றால், மணிக்கு 37 ரூபாய்கூட முழுதாகத் தேறவில்லை. கோடையில் மாவு புளித்து, பை உப்பித் திரும்பி வரும் பொட்டலங்களை இதில் இன்னும் கழிக்கவில்லை. அவை வீட்டில் பணியாரமாகிவிடுவதால் யாருக்கும் நட்டமாகத் தெரிவதில்லை. கல்லாப் பணத்தில் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் கட்டிவிட்டு, மாதக் கடைசியில் இலாபம் எங்கே போயிற்று என்று தேடுவதும் இதே கணக்கின்மையின் விளைவே. இரண்டு நோட்டுகள் போதும், கடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று.

ஒரே ஊரில் எல்லாருக்கும் ஒரே பயிற்சி கொடுப்பது திட்டம் வகுப்போரின் தவறு. இருபது பேர் தையல் கற்று இருபது இயந்திரங்கள் வாங்கினாலும், அந்த ஊர் தைக்கக் கொடுக்கும் ரவிக்கைகளின் எண்ணிக்கை கூடுவதில்லை. கூலி மட்டும் இறங்குகிறது.

சரக்கு எடுக்கத் தண்டல் வாங்குவது இன்னும் ஆபத்தானது. 10,000 ரூபாய்க்கு எழுதி, 8,500-ஐக் கையில் வாங்கி, நாளுக்கு 100 ரூபாயாக நூறு நாள் கட்டினால், வட்டி ஆண்டுக் கணக்கில் நூறு விழுக்காட்டைத் தாண்டுகிறது. தண்டலையும் கந்துவட்டியையும் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் தடை செய்துவிட்டது. இருந்தும் காலையில் காய்கறிச் சந்தைக்குப் போனால் தண்டல் அட்டையைப் பார்க்கலாம். குறுங்கடன் நிறுவனத்தில் வாங்கினாலும், எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2022-ல் வகுத்த விதி. ஒரு கடனை அடைக்க அடுத்த கடன் என்று போனதன் முடிவை 2010-ல் குறுங்கடன் நெருக்கடியாக ஆந்திரம் பார்த்தது.

பெரிய நிறுவனத்துக்குச் சரக்குப் போட்டுவிட்டுப் பணத்துக்காக மாதக்கணக்கில் காத்திருப்போர், குறு, சிறு தொழில்களுக்கான ஒன்றிய அரசின் உத்யம் பதிவைச் செய்யாமல் இருப்பது வீண் இழப்பு. பதிவுக்குக் கட்டணம் இல்லை; இடைத்தரகரிடம் பணம் கொடுப்பதற்குக் காரணமும் இல்லை. பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்றும், தவறினால் கூட்டு வட்டி சேரும் என்றும் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

கடைசியாக, பெண்ணின் பெயரில் வாங்கிய கடனில் கணவர் கடை நடத்துவது. இதில் தவணைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவள், குழுக் கூட்டத்தில் தலைகுனிந்து நிற்பவளும் அவள். விலை பேசுவதும் கல்லாவைப் பூட்டுவதும் வேறொருவர். கடன் கொடுத்த பணியாளர்கள் ஆறு மாதம் கழித்துக் கடைக்குப் போகும்போது தவணை அட்டையை மட்டும் பார்க்காமல், கல்லாச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பதையும் பார்த்து வரலாம்.