வள்ளம் ஆடலாம், கேமரா ஆடக்கூடாது: கடல் விஆர் கேம் செய்பவர்களுக்கு

பாம்பன், தனுஷ்கோடியை வைத்து விஆர் (மெய்நிகர்) கேம் செய்ய நினைப்பவர்கள் முதலில் எழுதிவைக்கும் காட்சி, வள்ளத்தில் ஏறிக் கடலுக்குப் போவது. ஆடுபவரை, தலையில் மாட்டிய ஹெட்செட்டைக் கழற்ற வைப்பதும் அதே காட்சிதான். நிஜக் கடலில் ஆட்டம் உடம்புக்குத் தெரியும், கண் வள்ளத்துக்குள்ளேயே நிற்கும். அதனால்தான் புது ஆளிடம் "தூரத்தைப் பாரு" என்பார்கள். ஹெட்செட்டில் இது தலைகீழ். உடம்பு நாற்காலியில் சும்மா இருக்க, தொடுவானமே சாய்கிறது. எங்கே பார்த்தாலும் குமட்டும்.

எனவே கேமராவை வள்ளத்தின் மாடலோடு கட்டாதீர்கள். ஆடாத ஒரு காலி ஆப்ஜெக்ட் வைத்து, கேமராவையும் வள்ளத்தையும் தனித்தனியாக அதன் கீழ் போடுங்கள். வள்ளம் மட்டும் இரண்டு மூன்று டிகிரி ஆடட்டும். அணியமும் (வள்ளத்தின் முன்முனை) ஓரப்பலகையும் எப்போதும் பார்வையில் இருக்கட்டும்; கண்ணுக்கு அது ஒரு பிடிமானம். வேகத்தை மெல்ல மெல்ல ஏற்றுவதுதான் மோசம். சட்டென்று ஒரே வேகத்துக்குப் போய்விடுங்கள். திரும்புவது 30 அல்லது 45 டிகிரி வெட்டாக இருக்கட்டும், வழுக்கித் திரும்புவதை விருப்பமாக மட்டும் வையுங்கள். முதல் கட்டத்தை அலை குறைந்த பெண் கடலில், பாக் நீரிணைப் பக்கம் வையுங்கள். அலை கூடிய ஆண் கடல், மன்னார் வளைகுடாப் பக்கம், பிறகு வரட்டும்.

அடுத்தது ஃபிரேம், அதாவது திரையில் அடுத்தடுத்து வரையும் ஒவ்வொரு படமும். 72 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 72 ஃபிரேம்) என்றால் ஒன்றை வரைய இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 13.9 மில்லி செகண்ட்தான். தண்ணீர், நுரை, மூடுபனி என்று ஒளி ஊடுருவும் அடுக்குகளை அடுக்கினால், ஹெட்செட்டின் மொபைல் ஜிபியு (படம் வரையும் சிப்) ஒரே பிக்சலைத் திரும்பத் திரும்ப வரைந்து மூச்சுத் திணறும். கடல் மேற்பரப்பை ஒளி புகாததாகவே வைத்து, ஆழத்தின் நிறத்தை வெர்டெக்ஸில் (மாடலின் மூலைப் புள்ளிகளில்) தீட்டுங்கள். நுரைக்கு நகரும் டெக்ஸ்சர் (மேற்பரப்பில் ஒட்டும் படம்) போதும். நீருக்கடி மங்கலை மெட்டீரியலிலேயே செய்யுங்கள், முழுத்திரை எஃபெக்ட் வேண்டாம். டிரா கால் (ஒரு ஃபிரேமில் ஜிபியுவுக்குப் போகும் வரையும் கட்டளைகள்) இருநூறுக்குள் இருந்தால் நிம்மதி. பிசியில் பறக்கும் சீன் ஹெட்செட்டில் நொண்டும். அதிலும் மே மாத மதியம், ஏசி இல்லாத அறையில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். சூடேறினால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

தனுஷ்கோடி தேவாலயச் சுவர்களைப் படமெடுத்து மாடலாக்க, மேகம் மூடிய காலையில் போங்கள். படத்துக்குப் படம் 70 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் வனத்துறை அனுமதியில்லாமல் இறங்கமுடியாது. டிரோனுக்கும் அனுமதி பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட்செட்டின் லென்ஸ் வெயிலைப் பார்த்துக் கிடக்கவே கூடாது. பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்து, சில நொடிகளில் டிஸ்ப்ளேயைச் சுட்டுவிடும். உப்புக்காற்றுக்கு மூடிய டப்பாவும் சிலிக்கா ஜெல்லும்.

இனி பணம். கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டணம்; விற்பனை 1,000 டாலரைத் தொட்டால் திரும்பும். அமெரிக்காவில் 10 டாலருக்கு விற்றால் கடைப் பங்கு 3 போக 7. வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்த விகிதம் கேட்டால் அமெரிக்க வரிப் பிடித்தம் 15 சதவீதம், கையில் 5.95. கேட்காமல் விட்டால் 30 சதவீதம், 4.90தான். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். முதல் பத்து நிமிடத்தில் குமட்டினால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வள்ளத்துக்கு அவ்வளவு மெனக்கெடச் சொன்னது இதற்காகத்தான்.

நம்மூரில் ஹெட்செட் வைத்திருப்பவர்கள் குறைவு, அதனால் ராமேஸ்வரம் வரும் சுற்றுலாக்காரர்களுக்கு ஸ்டால் போடலாமே என்று தோன்றும். கணக்கு இதுதான்: ஐந்து நிமிட ஆட்டம், மாட்ட, துடைக்க, விளக்க மூன்று நிமிடம். மணிக்கு ஒரு ஹெட்செட்டில் ஏழு பேர், அதுவும் வரிசை அறாமல் இருந்தால். பேட்டரி சுமார் இரண்டு மணி நேரம், ஆகவே ஒன்று ஓட, ஒன்று சார்ஜில். உட்கார்ந்து ஆடும்படி சுழல் நாற்காலி போடுங்கள். முகப்பட்டைக்கு சிலிக்கான் உறை, லென்ஸுக்கு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி. ஸ்பிரிட் பட்டால் பூச்சு போய்விடும். ஆடுபவர் பார்ப்பதை வெளியே ஒரு டிவியில் காட்டுங்கள். வரிசையில் நிற்பவர் கலையாமல் இருப்பது அதைப் பார்த்துத்தான்.