சுண்டாதீர்கள், சுற்றுங்கள்: பிளேஸ் மீனுக்கு வட்ட முள்

ஊர்க் குளத்தில் தூண்டில் போட்டுப் பழகியவர்களுக்குத் தக்கை முங்கியதும் கை தானாகச் சுண்டும். எனக்கும் அப்படித்தான். இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட்டில் இருக்கும் செசில் கடற்கரையில் முதல்முறை வட்ட முள் (கடைகளில் 'சர்க்கிள் ஹூக்') போட்ட அன்று நான்கு கடி வந்தது. நான்கையும் சுண்டினேன், நான்கும் போயிற்று. பாதிப் புழுதான் கரைக்கு வந்தது. குறை முள்ளில் இல்லை, என் மணிக்கட்டில்.

வசந்தத்தில் அங்கே தேடிப் போவது பிளேஸ் மீனை. நம் நாக்கு மீனுக்குத் தூரத்துச் சொந்தம்: தட்டை உடம்பு, வலப்பக்கமே இரண்டு கண், பழுப்புத் தோலில் ஆரஞ்சுப் பொட்டுகள். வாய் சின்னது, ஆனால் சிப்பியை நொறுக்கும் பல் தொண்டையில் இருக்கிறது. அதனால் இரையை வாயில் வைத்துக்கொண்டிருக்காமல் உள்ளே இழுத்துவிடும். சாதாரண 'ஜே' (J எழுத்து வடிவ) முள் என்றால் தொண்டையில் போய் மாட்டும். சின்ன மீன், விட்டுவிடலாம் என்று நினைத்தாலும் பிழைப்பது கஷ்டம்.

வட்ட முள்ளின் நுனி தன் தண்டையே பார்த்து வளைந்திருக்கும். மெதுவாக இழுபட்டால் தொண்டைச் சதையில் குத்தாமல் வழுக்கி வந்து, வாயோரத்தில் திரும்பி, கடவாயில் கொளுவும். வெடுக்கென்று சுண்டினால் திரும்ப நேரம் கிடைக்காது. வாயை விட்டே வெளியே வந்துவிடும்.

முள் வாங்கும்போது

பிளேஸுக்கு 2 அல்லது 1 நம்பர் போதும். ஆனால் நம்பரை மட்டும் நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். நுனிக்கும் தண்டுக்கும் இடையே உள்ள வாயைப் பாருங்கள். சுண்டுவிரல் நகம் நுழையும் அளவு இருந்தால் சரி. அப்புறம், முள்ளை மேஜையில் படுக்க வையுங்கள். தட்டையாகப் படுத்தால் நல்லது. நுனி ஒரு பக்கம் தூக்கி ஆடினால் அது கோணல் முள், தொண்டையில் குத்தும் வாய்ப்பு அதிகம். அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கட்டுவது

தூண்டில் நரம்பை முள்ளின் நுனி இருக்கும் பக்கத்திலிருந்து, தண்டின் மேல்முனை வளையத்துக்குள் விட்டு, தண்டைச் சுற்றி ஏழெட்டுச் சுற்றுப் போட்டு இறுக்குங்கள். இப்படிக் கட்டினால் இழுக்கும்போது நுனி வெளிப்பக்கம் சாயும். முள்ளைத் தாங்கும் இந்தக் கிளை நரம்பு 15 முதல் 20 பவுண்டு இழுவை தாங்க வேண்டும், நீளம் முக்கால் மீட்டர். அதில் இரண்டு மூன்று பச்சை, மஞ்சள் மணி கோத்துக்கொள்ளுங்கள். பிளேஸ் பளபளப்புக்கு மயங்கும் என்பது இங்கே பலர் சொல்வது, நானும் கோக்கிறேன்.

முன்நரம்பில், அதாவது வீசும் வேகத்தைத் தாங்க ரீல் நரம்பின் முனையில் கட்டும் கனத்த நரம்பில் மட்டும், கஞ்சத்தனம் வேண்டாம். ஓர் அவுன்ஸ் ஈயத்துக்கு 10 பவுண்டு என்பது கணக்கு. 5 அவுன்ஸ் ஈயம் என்றால் 50 பவுண்டு முன்நரம்பு. வீசும்போது நரம்பு அறுந்தால் ஈயம் துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும், பக்கத்தில் ஆட்கள் நிற்பார்கள். மண்ணைப் பிடித்து நிற்கும் கம்பிக்கால் வைத்த ஈயமாக வாங்குங்கள். அதன் வேலை என்ன என்று கொஞ்ச நேரத்தில் தெரியும்.

இரை கோப்பது

முக்கால்வாசிப் பேர் தோற்பது இந்த இடத்தில்தான். லக் புழுவை (கடற்கரை மணலில் தோண்டி எடுக்கும் இரைப் புழு) முள் நிறையத் திணித்தால் நுனிக்கும் தண்டுக்கும் நடுவே இடமே இருக்காது, அப்புறம் எதைக் கொளுவும்? இரை கோக்கும் நீள ஊசியால் புழுவைக் குத்தி, முள்ளுக்கு மேலே நரம்பில் ஏற்றிவிடுங்கள். வால் பக்கம் கொஞ்சம் மட்டும் தண்டோடு ஒட்டியிருக்கட்டும். கோத்து முடித்ததும் நுனிக்கும் தண்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று தூக்கிப் பாருங்கள். தெரியாவிட்டால் கழற்றிவிட்டு மறுபடி கோக்க வேண்டியதுதான்.

வீசிய பிறகு

செசில் செங்குத்தான கூழாங்கல் கரை, பக்கத்திலேயே ஆழம். தோள் வலிக்க வீச வேண்டியதில்லை. பெரிய அலை புரளும் நாளில் கரைக்கே போகாதீர்கள். காலடியில் கற்கள் சரியும், திரும்பும் தண்ணீர் ஆளையே இழுத்துவிடும்.

ராடை முக்காலியில் சாய்த்து, நரம்பை இறுக்கி வையுங்கள். நுனி 'டக் டக்' என்று இரண்டு தடவை ஆடும். கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நான் அப்படித்தான் பழகினேன். மற்ற மீன் இரையைக் கவ்விக்கொண்டு ஓடும், நரம்பு தானாக இறுகும். தட்டை மீன் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே படுத்து மெல்லும். அதனால் இறுக்க வேண்டியது நீங்கள்தான், ஆனால் உடனே இல்லை. நிதானமாக நூறு வரை எண்ணுங்கள். பிறகு ராடைத் தூக்காமல், நுனி கடலைப் பார்த்தபடி, ரீலை மெதுவாகச் சுற்றுங்கள். தளர்ச்சி போகும். கம்பிக்கால் ஈயம் மண்ணை விட மறுத்து முறைக்கும், அந்த இறுக்கத்தில்தான் முள் திரும்பிக் கடவாயில் கொளுவும். விட்டதும் கனம் தெரியும், ஈரத் துண்டை இழுப்பது மாதிரி. அப்போதும் சுண்டாதீர்கள், சுற்றுவதை நிறுத்தவும் வேண்டாம்.

கழற்றுவது

கையை நனைத்துக்கொண்டு மீனை ஈரத்துணியில் வையுங்கள். முள்ளை நேராகப் பிடுங்க வராது. தண்டைப் பிடித்து, வந்த வளைவிலேயே பின்னால் திருப்பினால் கழன்றுவிடும். பிளேஸ் 27 செ.மீ.க்குக் குறைந்தால் கடலுக்குத்தான். எப்போதாவது வட்ட முள்ளும் தொண்டைக்குள் போய்விடும். நோண்டாதீர்கள். நரம்பை முள்ளுக்கு ஒட்ட நறுக்கிவிட்டு, தண்ணீர் ஓரத்தில் குனிந்து, கையிலிருந்தே நீந்திப் போக விடுங்கள்.