பழைய ஜப்பானியக் குத்துவாள்: எந்தக் காலம், எந்த மரபு?

பழைய டாண்டோ (ஜப்பானியக் குத்துவாள்) ஒன்று கிடைத்ததும் எல்லோரும் முதலில் தேடுவது, பிடிக்குள் மறைந்திருக்கும் அடித்தண்டில் வெட்டியிருக்கும் கொல்லரின் பெயரைத்தான். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். புகழ்பெற்ற கொல்லர் பெயரைப் போலியாக வெட்டுவது ஜப்பானில் பல நூற்றாண்டுப் பழக்கம்.

முதலில் பிடியைக் கழற்ற வேண்டும். மூங்கில் ஆணியைத் தட்டி எடுங்கள். முனை மேல்நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்க, இடக்கையால் பிடியைப் பிடித்து, அந்த மணிக்கட்டை வலக்கை முஷ்டியால் மெதுவாகத் தட்டினால் அலகு தளரும். டாண்டோவின் அடித்தண்டு குட்டை. ஓங்கித் தட்டினால் எகிறி வெளியே வந்துவிடும். அலகில் விரல் படக்கூடாது, வியர்வை பட்டால் துருதான்.

அடுத்து வடிவம். காலத்தைக் காட்டிக்கொடுப்பது இதுதான். முனையிலிருந்து, அலகும் அடித்தண்டும் சேரும் இடத்தில் முதுகுப்பக்கம் உள்ள வெட்டு வரை நேராக அளந்து பாருங்கள். 25 செ.மீ. அளவில், முதுகு கூர்ப்பக்கமாக லேசாகச் சரிந்திருந்தால் காமகுரா காலத்தின் பிற்பகுதியாக (14ஆம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை) இருக்கலாம். அகலமாக, மெல்லியதாக, 30 செ.மீ. தாண்டி, சற்றே வளைந்திருந்தால் நன்போகுசோ காலம் (1336–1392). இருபுறமும் கூர் என்றால் முரோமாச்சி காலத்தின் பிற்பகுதியை (15–16ஆம் நூற்றாண்டு) நினையுங்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டுக் கொல்லர்கள் இந்த வடிவங்களையெல்லாம் நகலெடுத்திருக்கிறார்கள். அதனால் அடித்தண்டின் துருவையும் பாருங்கள்: பழையது ஆழ்ந்த கருமை, புதியது செம்பழுப்பு. பளபளப்பாக்குகிறேன் என்று அதைச் சுரண்டினால் சான்றும் போச்சு, விலையும் போச்சு.

சரி, மரபு, அதாவது எந்தப் பகுதிக் கொல்லர்களின் பாணி? ட்யூப்லைட் உதவாது, ஒற்றை பல்பின் கீழ் அலகைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். எஃகின் பரப்பு, வெட்டிய பேரிக்காய் போலப் பொடிமணியாக இருந்து, கூர்விளிம்பை ஒட்டிய வெண்கோடு நேராகச் சென்றால் யமாஷிரோ; அங்கே அவாடாகுச்சி யோஷிமிட்சு என்ற கொல்லர் டாண்டோவுக்கே பெயர்போனவர். எஃகின் ரேகைகள் நேர்க்கோடுகளாக ஓடினால் யமாடோ. வெண்கோட்டுக்கு மேலே மங்கலான நிழல் படர்ந்தால் பிசென். அலையலையான வெண்கோட்டில் மினுங்கும் துகள்கள் கண்ணுக்கே தெரிந்தால் புகழ்பெற்ற கொல்லர் மசாமுனேவின் சோஷூ. கூரான முக்கோணங்கள் எழும்பினால் மினோ. ஒரே அலகில் இரண்டு மரபு கலந்தும் வரும், குழம்ப வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகுதான் பெயர். அந்தக் கொல்லரின் உண்மையான வாள்களில் உள்ள பெயர்வெட்டைக் காகிதத்தில் எடுத்த பிரதிகளோடு உளிவெட்டின் ஆழத்தையும் சாய்வையும் ஒப்பிடுங்கள். வடிவம் ஒரு காலத்தையும் பெயர் இன்னொரு காலத்தையும் சொன்னால், நான் வடிவத்தைத்தான் நம்புவேன்.