மணி அடித்தால் அலறிய வகுப்பு: நான் செய்த ஏற்பாடு

மும்பை தாராவியில் சிறப்புக் கல்வி ஆசிரியை நான். பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி. ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்கு மாற்றும் நேரம்தான் பெரும்பாடு. ஆட்டிசம் உள்ள ஒரு பையன், கையிலிருக்கும் கிரேயானை வாங்கினாலே தரையில் படுத்துவிடுவான்.

சரி, வாயால் சொல்வதைக் குறைப்போம் என்று படப்பட்டி செய்தேன். அன்றைய வேலைகளை வரிசையாகக் காட்டும் லேமினேட் செய்த படங்கள், பின்னால் வெல்க்ரோ (ஒட்டிப் பிய்க்கும் பட்டை), அவற்றை ஒட்ட அவன் கண் உயரத்தில் ஓர் அட்டை. வேலை முடிந்ததும் படத்தை அவனே பிய்த்து 'முடிந்தது' டப்பாவில் போட வேண்டும். பிய்க்கும்போது வரும் 'சர்ர்' சத்தத்துக்காகவே ஐயா வேலையை முடிக்கிறார்! முழு அட்டையைப் பார்த்து மிரளும் பிள்ளைக்கு இரண்டே படம்: முதலில் எழுத்து, அப்புறம் ஊஞ்சல். படம் புரியாதவர்களுக்கு நிஜப் பொருளே சரி. சாப்பாட்டு நேரம் என்றால் கையில் ஒரு ஸ்பூன்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. ஒரே வகுப்பில் பலவகைப் பிள்ளைகள் என்பதால் ஆளுக்கொரு கல்வித் திட்டம். அதன் இலக்குகளை ஒரே பக்கமாக்கி ஃபைலின் முன்னட்டையில் ஒட்டிவிட்டேன். பிள்ளை ஒன்றைச் செய்ததும், 'தானாக', 'உதவியோடு' என்று அவ்வப்போதே அதில் குறித்துவிடுவேன். மாலையில் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

வெல்க்ரோவின் சொரசொரப்பு, மென்மை என்ற இரு பக்கங்களில் ஒன்றையே எல்லாப் படங்களிலும், மற்றதை எல்லா அட்டைகளிலும் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து வகுப்பு அட்டையில் ஒட்டாது.