சொப்புப் பெட்டி வந்ததும் பழைய செட்டை எடைக்குப் போடாதீர்கள்

காரைக்குடியில் டிவி, ஸ்பீக்கர், வீடியோ கேம் என்று வருவதையெல்லாம் பழுது பார்ப்பது என் தொழில். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பொங்கல் லீவு முடிந்த வாரத்தில் கடைக்கு நாலு மினி கேம் பெட்டிகள் வந்தன. எல்லாம் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சொந்தக்காரர்கள் வாங்கிவந்து கொடுத்தவை. பிரித்துப் பார்த்தால் நாலில் ஒன்றுகூடப் பழுதில்லை. வைத்திருந்தவர்கள் செய்த தவறுதான் காரணம். அதில் மூன்று தவறுகளை நானே முன்பு செய்திருக்கிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

தெரியாதவர்களுக்காக: 1980-களிலும் 90-களிலும் வந்த கேம் செட்டுகளை அதே கம்பெனிகள் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, கேம்களை உள்ளேயே ஏற்றி மறுபடியும் விற்றன. 2016 நவம்பரில் நின்டெண்டோ 30 கேமோடு முதல் பெட்டியான நின்டெண்டோ மினியை விட்டது. அடுத்த வருஷம் சூப்பர் நின்டெண்டோ மினி, 21 கேம். 2018 டிசம்பரில் சோனியின் பிளேஸ்டேஷன் கிளாசிக், 20 கேம். 2019 செப்டம்பரில் சேகாவின் மெகா டிரைவ் மினி, 42 கேம். கேசட் தேட வேண்டாம், ஹெச்டிஎம்ஐ ஒயரை மாட்டினால் ஆட்டம் தொடங்கிவிடும்.

முதல் பெட்டியைப் பார்த்த எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி, "ஏம்ப்பா, மரச்சொப்பு மாதிரி இருக்கு, இதுக்குள்ளயா இம்புட்டு வெளையாட்டும் இருக்கு?" என்று கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதிலிருந்து எனக்கு இது சொப்புப் பெட்டிதான். சொப்பில் சோறு பொங்க முடியாது, இதில் பொங்குகிறது. சின்ன வயதில் மரியோவில் எட்டாம் உலகம் வரைக்கும் போய், கரன்ட் போனால் எல்லாம் முதலிலிருந்துதான். இதில் விட்ட இடத்தைச் சேமித்துவிட்டு மறுநாள் அதே இடத்தில் தொடரலாம். பட்டன் அழுத்துகிற பதம்கூடப் பழைய மாதிரியே இருக்கிறது. 1990-களில் முடித்துவிட்டு வெளியிடாமலே கிடப்பில் போட்ட ஸ்டார் ஃபாக்ஸ் 2 என்ற கேம், 2017-இல் சூப்பர் நின்டெண்டோ மினியில்தான் முதன்முதலில் வெளிவந்தது. இந்தப் பெட்டிகள்மேல் எனக்கு உண்மையான பிரியம் உண்டு. பெட்டியை ஈரத்தில் வைக்காதீர்கள், ஒயரை இழுக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

கேம் பட்டியலைப் படிக்காமல் வாங்குவது

கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணே, இதுல கான்ட்ரா எங்க இருக்கு?" என்றுதான். நின்டெண்டோ மினியில் கான்ட்ரா இல்லை. அதன் அடுத்த பாகமான சூப்பர் சி தான் இருக்கிறது. டாங்க் சண்டை இல்லை. ரோட் ஃபைட்டர் இல்லை. சர்க்கஸ் இல்லை. அட்வென்ச்சர் ஐலண்டும் இல்லை. நம் ஊர் ஆட்களிடம் சின்ன வயதில் என்ன விளையாடினீர்கள் என்று கேட்டால் சொல்லும் முதல் ஆறு பேர்களில் மரியோ ஒன்றுதான் உள்ளே இருக்கிறது.

காரணம் இருக்கிறது. நம்மிடம் அந்தக் காலத்தில் இருந்தவை பெரும்பாலும் நின்டெண்டோவின் சொந்தச் செட்டுகளே அல்ல. ஜப்பானில் ஃபேமிகாம் என்று விற்ற செட்டைப் பார்த்துச் செய்தவை. அதற்குக் கிடைத்த கேசட்டில் எது இருந்ததோ அதுதான் நம் ஞாபகம். மினிப் பெட்டியின் பட்டியலோ அமெரிக்கப் பிள்ளைகளின் ஞாபகத்தை வைத்துப் போட்டது. ஜெல்டா, மெட்ராய்டு, ஃபைனல் ஃபேன்டஸி எல்லாம் அருமையான கேம்கள். ஆனால் நீங்கள் தேடிப் போனது அதுவல்ல என்றால் முதல் ராத்திரியே மனசு விட்டுப்போகும். கேசட் போடுகிற மூடியும் வெறும் அச்சுதான், திறக்காது. கம்பெனி ஏற்றிக் கொடுத்ததற்குமேல் ஒன்றும் சேராது. பட்டியலை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஜப்பான் பெட்டியின் அழகில் மயங்குவது

சிவப்பும் வெள்ளையுமாக இருக்கும் ஃபேமிகாம் மினி நம் பழைய செட்டைப் போலவே இருக்கும். ஆனால் அதில் கன்ட்ரோலரையும் சேர்த்தே சுருக்கிவிட்டார்கள். பெரியவர்கள் கைக்கு அது சரிப்படாது. மெனுவும் ஜப்பானிய மொழியில்தான்.

பழைய செட்டையும் டியூப் டிவியையும் எடைக்குப் போடுவது

இன்றைக்கும் எனக்கு ஆற்றாமை தருகிற தவறு இதுதான்.

2018-இல் என் அத்தான் சிங்கப்பூரிலிருந்து வரும்போது நின்டெண்டோ மினி வாங்கிவந்தார். ஒரு வாரம் தூக்கமில்லாமல் விளையாடினேன். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. தீபாவளிக்கு வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தபோது, பரணில் இருந்த பழைய செட், இரண்டு கன்ட்ரோலர், துப்பாக்கி, மூன்று கேசட், கூடவே 14 இஞ்ச் டியூப் டிவி எல்லாவற்றையும் மூன்று சக்கர வண்டியில் வந்த பழைய இரும்புக்காரரிடம் தூக்கிக் கொடுத்தேன். அந்த டிவி, 2006-இல் தொடங்கி அரசு இலவசமாகக் கொடுத்த கலர் டிவிகளில் ஒன்று. அதற்கு 150 ரூபாய் தந்தார். செட்டைத் தராசில்கூட வைக்கவில்லை, அப்படியே கோணிக்குள் போட்டுக்கொண்டார். புதுசு வந்துவிட்டதே, பழசு எதற்கு என்று நினைத்தேன். பழுது பார்க்கிற தொழிலில் இருக்கிற நான் அப்படி நினைத்திருக்கவே கூடாது.

அடுத்த பொங்கலுக்குக் கண்டனூர்ப் பக்கம் உள்ள எங்கள் பழைய வீட்டில் எல்லாரும் கூடினோம். வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடு அது. பட்டாலைக் கூடத்தில் மினியை மாட்டினேன். பிள்ளைகள் மரியோவில் இறங்கிவிட்டார்கள். அப்போது பெரியப்பா வந்து உட்கார்ந்து, "வாத்து சுடுறதப் போடப்பா" என்றார். அந்தக் காலத்தில் எங்களை நகரச் சொல்லிவிட்டு அவர் விளையாடியது அது ஒன்றுதான். மினியில் அது இல்லை, துப்பாக்கியும் கிடையாது. தெரிந்தவரிடம் போய் ஒரு பழைய செட்டும் துப்பாக்கியும் இரவல் வாங்கிவந்து எல்இடி டிவியில் மாட்டினேன். வாத்து பறந்தது, நாய் சிரித்தது. எத்தனை முறை சுட்டும் ஒரு வாத்து விழவில்லை. பெரியப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார்.

விழாததற்குக் காரணம் இதுதான். அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அது பார்க்கத்தான் செய்கிறது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். குழலுக்குள் இருக்கிற ஒளிக்கண்ணில் அந்த வெளிச்சம் பட்டால் வாத்து விழும். டியூப் டிவியில் செட் அனுப்புகிற படம் உடனுக்குடன் திரையில் விழுந்துவிடும். எல்இடி டிவி அதை வாங்கி, சீராக்கி, பெரிதாக்கி, அதன் பிறகுதான் காட்டும். வெள்ளைக் கட்டம் திரைக்கு வருவதற்குள் செட் பார்க்கிற நேரம் தாண்டிவிடும். துப்பாக்கிக்கு டியூப் டிவிதான் கண். நான் அந்தக் கண்ணை 150 ரூபாய்க்கு விற்றிருக்கிறேன்.

சரி, இன்னொன்று தேடலாம் என்று முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். பித்தளை அண்டா இருக்கிறது, எனாமல் தூக்குச்சட்டி இருக்கிறது, பர்மாத் தேக்குக் கதவு இருக்கிறது. ஒரு கடைக்காரர் சொன்னார்: "நூறு வருஷத்துச் சாமான் கேளுங்க, எடுத்துத் தரேன். இருபது வருஷத்து டிவிய யாரு தம்பி வச்சிருப்பா?" கடைசியில் தேவகோட்டையில் ஒருவரிடம் செட்டும் துப்பாக்கியுமாக 2,500 ரூபாய், வேறோர் இடத்தில் டிவிக்கு 1,500 ரூபாய். பணம் போனதுகூடப் பரவாயில்லை. என் கேசட் ஒன்றின் பின்பக்கத்தில் தங்கச்சி காம்பஸ் முனையால் தன் பேரைக் கீறி வைத்திருந்தாள். அதில் முதல் எழுத்து தலைகீழாக இருக்கும். அந்தக் கேசட் எந்த விலைக்கும் திரும்பக் கிடைக்கவில்லை.

பழசை வைத்திருக்கச் சொல்வதற்குத் தொழில் ரீதியாகவும் ஒரு காரணம் உண்டு. அந்தச் செட்டுகளில் பாதி, கரன்டை 5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிற வெறும் 7805 ரெகுலேட்டர் போனதால்தான் சாகின்றன. பத்துப் பதினைந்து ரூபாய்ச் சாமான், அரை மணி நேர வேலை. கன்ட்ரோலர் ஒயர் உள்ளே அறுந்திருக்கும், இல்லையென்றால் பட்டனுக்கு அடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருக்கும். எல்லாம் சரிசெய்யக்கூடியவை. மினிப் பெட்டியிலோ ஒரே போர்டு. அதில் ஒரு சின்ன சிப்பில் கேம் எல்லாம் இருக்கிறது. அந்த சிப் போய்விட்டால் என் கடையில் அதற்கு மருந்தில்லை.

வைத்திருப்பது பெரிய பாடும் இல்லை. அடாப்டரைக் கழற்றித் தனியாக வையுங்கள். கேசட்டை ஊதாதீர்கள், வாயின் ஈரம் பட்டு உள்ளே இருக்கும் செம்புப் பற்கள் கறுத்துப்போகும். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் துடைத்தால் போதும். டியூப் டிவியைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பின்மூடியை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம். சுவிட்சை அணைத்த பிறகும் படக்குழாயில் ஆளைத் தூக்கியடிக்கிற கரன்ட் தங்கியிருக்கும்.

இந்த வருஷம் வந்த நாலு பேரில் ஒருவர் பள்ளத்தூர்ப் பையன். கான்ட்ரா இல்லையே என்று கேட்டுக்கொண்டே, "அது கெடந்துச்சுண்ணே, போன வாரந்தான் டிவியோட தூக்கிப் போட்டேன்" என்றான். கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டேன். எங்கே போட்டாய், யாரிடம் போட்டாய், இப்போதே போய்ப் பார் என்று துரத்தி அனுப்பினேன்.

டிவியில் கேம் மோடு போடாமல் விளையாடுவது

"மரியோ லேட்டா குதிக்குறாண்ணே" என்று வருகிற புகாருக்குப் பத்தில் ஒன்பது தடவை இதுதான் விடை. கேம் ஒரு வினாடிக்கு 60 படம் அனுப்புகிறது. டிவி படத்தை மெருகேற்றுகிறேன் என்று ஆறு படம் பின்தங்கினால் பத்தில் ஒரு வினாடி போய்விட்டது. குழி தாண்டுவதற்கு அது போதும், விழுந்துவிடுவீர்கள். டிவி செட்டிங்கில் பிக்சர் மோடு என்ற இடத்தில் கேம் என்று இருக்கும், அதைப் போடுங்கள். அப்புறம் படத்தை அகலமாக இழுக்காமல் 4:3 அளவிலேயே விடுங்கள். மரியோ குண்டாகத் தெரிய வேண்டியதில்லை.

பெட்டியை ஒயரில் தொங்கவிடுவது

நின்டெண்டோ மினியின் கன்ட்ரோலர் ஒயர் இரண்டரை அடிதான். சூப்பர் நின்டெண்டோ மினியில் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. நம் பட்டாலைகளில் டிவி ஒரு சுவரில் ஆளுயரத்தில் இருக்கும், பாய் போட்டு உட்காருகிற இடம் எதிர்ச் சுவரில். ஒயர் எட்டவில்லை என்று இழுக்க இழுக்கப் பெட்டி ஸ்டாண்டிலிருந்து விழுந்து, ஹெச்டிஎம்ஐ ஒயரில் தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி தொங்கும். நாலு நாள் அப்படித் தொங்கினால் சாக்கெட்டின் கால் போர்டை விட்டுப் பெயர்ந்துவிடும். ஐந்து மீட்டர் ஹெச்டிஎம்ஐ ஒயர் வாங்கிப் பெட்டியை உங்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேமை மாற்றவும் சேமிக்கவும் பெட்டியில் உள்ள ரீசெட் பட்டனைத்தான் அழுத்த வேண்டியிருக்கிறது. அதற்காகவும் அது கைக்கெட்டுகிற தூரத்தில் இருப்பதே நல்லது.

டிவியின் யுஎஸ்பியிலிருந்து கரன்ட் எடுப்பது

வேண்டாம். போன் சார்ஜர், 5 வோல்ட், 1 ஆம்ப்.

மூன்று கலர் ஒயர்

மேலே சொன்ன நாலு கம்பெனிப் பெட்டிகளிலும் ஹெச்டிஎம்ஐ மட்டும்தான். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயரோடு வந்தால் அது போலி.

எல்லாக் கம்பெனியும் ஒரே தரம் என்று நம்புவது

சேகாவின் மினியை, பழைய கேம்களைப் புது மெஷினுக்குக் கொண்டுவருவதில் பேர்பெற்ற எம்2 என்ற ஜப்பானியக் குழு செய்தது. அதில் விளையாடும்போது அந்தக் கவனம் கையில் தெரிகிறது. சோனியின் பெட்டியில் அது தெரியவில்லை. 100 டாலர் விலை வைத்த பெட்டியில் 20 கேம்களில் ஒன்பதை ஐரோப்பாவுக்காகச் செய்த 50 ஹெர்ட்ஸ் பதிப்பாகப் போட்டார்கள். வினாடிக்கு 60 படம் ஓட வேண்டிய இடத்தில் 50 ஓடினால் ஆட்டத்தில் பிசுபிசுப்பு வந்துவிடும். அந்த ஒன்பதில் டெக்கன் 3 என்ற சண்டை கேமும் ஒன்று. நம் ஊரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து விளையாடிய ஒரு தலைமுறைக்கே பிளேஸ்டேஷன் என்றால் டெக்கன் 3-தான். அதைப் போய் இப்படிப் போட்டிருக்கிறார்கள். கன்ட்ரோலரில், கட்டைவிரலால் எல்லாப் பக்கமும் சாய்க்கிற அனலாக் குச்சியும் கிடையாது. வெளிவந்த சில வாரங்களிலேயே விலை சரிந்தது. இன்றைக்கு யாராவது அதை அரிய பொருள் என்று சொல்லி அதிக விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

பின்னால் விலை ஏறும் என்று பிரிக்காமல் வைப்பது

விளையாடுங்கள்.

பள்ளத்தூர்ப் பையன் அன்று சாயங்காலமே திரும்பி வந்தான். இரும்புக் கடையில் டிவியின் குழாய்க் கழுத்து உடைந்து கிடந்ததாம். செட் மட்டும் கோணியின் அடியில் இருந்திருக்கிறது, எடுத்து வந்துவிட்டான். 7805 மாற்றினேன், ஓடுகிறது. கேசட்டில் கான்ட்ரா இருக்கிறது. செட்டில் துப்பாக்கி மாட்டுகிற இடமும் நல்லபடி இருக்கிறது. இப்போது அவனுக்கு 14 இஞ்ச் டியூப் டிவி ஒன்று வேண்டும். காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் வண்டிக்காரரிடம் கொடுத்துவிடாமல் வைத்திருங்கள்.